பஞ்சாலைக்கு எந்த மிருகத்தின் கால்?

கோலாலம்பூருக்குத் தெற்கே, சிரம்பானிலிருந்து கெமாஸ் போகிற சாலையில், முன்பு ரப்பர் காடாக இருந்த ஒரு மேட்டின்மேல் 'இயற்கைவழி இயந்திர வடிவமைப்பு உயர் ஆய்வு மையம்' இருக்கிறது. இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பவருக்கு அங்கே உடனே வேலை கிடைக்கும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அது பொய். அங்கே வேலை செய்கிற பலருக்கே முழுப் பெயர் தெரியாது. 'மையம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

இயற்கை எப்படிச் செய்கிறதோ அதைப் பார்த்து இயந்திர உறுப்புகளை வடிவமைத்து, த்ரீடி பிரிண்டரில் அச்சிட்டு எடுப்பது மையத்தின் பணி. அதற்கு முதல் வேலையாக மேட்டிலிருந்த மரங்களை எல்லாம் வெட்டினார்கள். பிறகு கறையான் புற்றைப் பார்த்துக் கட்டடம் கட்டினார்கள். புற்று தானாகவே காற்று வாங்கிக்கொள்ளும் என்பது விஞ்ஞானம். ஆகவே ஜன்னல் வைக்கவில்லை. புற்று காற்று வாங்காமல் போகவே ஏர்கோன் போட்டார்கள். பிரிண்டர்களுக்கு வெயில் ஆகாதென்று உள்ளே எந்நேரமும் கேமரன் மலைக் குளிர். வெள்ளிக்கிழமைதோறும் ஆள் வந்து மருந்தடித்து எறும்பு, பல்லி, நிஜக் கறையான் எல்லாவற்றையும் ஒழித்துவிட்டுப் போவார். வாசலில் ஆள் உயரத்துக்கு 'இயற்கையே எங்கள் ஆசான்' என்று எழுதியிருக்கிறது. ஆசானை உள்ளே விடுவதில்லை, அவ்வளவுதான்.

இந்த மையத்துக்கு ஒருநாள் கால் இல்லாத ஆள் ஒருவர் தேவைப்பட்டார். இத்தனை ஆண்டுகளாக என்ன செய்தீர்கள் என்று மேலிடத்தில் யாரோ கேட்டுவிட்டார்கள்.

கெமாஸுக்குப் பக்கத்தில் சுங்கை கெலாட் தோட்டத்தில் பஞ்சாலை இருந்தாள். செம்பனை உதிரிப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தவள். ஐம்பதைத் தாண்டியவள், கணவன் இல்லை, வாய் உண்டு. செம்பனை முள் ஒன்று இடது பாதத்தில் ஏறியது. உடம்பில் ஏற்கெனவே சர்க்கரை. முள்ளும் சர்க்கரையும் கூட்டுச் சேர்ந்து முட்டிக்குக் கீழே காலைக் கொண்டுபோய்விட்டன. தோட்டத்தில் வேலை இருந்தால்தான் லயத்து வீடு. வேலை இல்லாதவள் வீட்டைக் காலி செய்ய வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டிலிருந்து வந்திறங்குகிற தொழிலாளர்களுக்குக் கூரை வேண்டும். ஆனாலும் மேனேஜர் கல்நெஞ்சக்காரர் இல்லை, ஒரு வழி சொன்னார். அதைத் தோட்டத்து ஆபீஸ் எழுத்தர், கிராணி எட்மண்ட் வந்து வாசலில் நின்றபடி அவளிடம் சொன்னார்.

"அக்கா, நாத்து மேடையில வேல இருக்கு. பையில மண்ணு ரொப்பணும், தண்ணி ஊத்தணும். நின்னு செய்யற வேல. தீவாளி முடிஞ்சு மொத திங்கக்கெழம பெரட்டுல வந்து நில்லுங்க, நான் பேரு கூப்பிடறேன். நிக்க முடியலன்னா வீட்ட வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லிட்டாரு."

"தொங்காட் கம்பு ஊணிகிட்டு நிக்கிறேன் கிராணி."

"மண்ணு ரொப்ப ரெண்டு கையும் வேணும்லா அக்கா."

பெரட்டு என்பது விடியற்காலையில் ஆபீஸ் முன்னால் தொழிலாளர்கள் வரிசை பிடித்து நின்று பெயர் கொடுப்பது. நிற்கிறவனுக்கு அன்றைக்கு வேலை. உட்கார்ந்துகொண்டு பெயர் கொடுத்தவர் யாரும் சுங்கை கெலாட் சரித்திரத்தில் இல்லை.

ஆகவே பஞ்சாலைக்கு ஒரு கால் வேண்டும். சிரம்பானை ஒட்டிய ராசாவில் ஒரு நலச் சங்கம் சாதாரணச் செயற்கைக் கால் தருவதாகச் சொல்லி அவள் பெயரை வரிசையில் சேர்த்திருந்தது. தீபாவளிக்குள் வந்துவிடும் என்றுதான் சொன்னார்கள். அது மட்டும் வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அதற்குள் மையத்தின் வேன் வந்தது. வேனிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவன் சுகுமாறன், ராசாக்காரன், மையத்தில் ஆய்வு அதிகாரி. இன்னொருத்தி பெவர்லி, விளம்பரப் பிரிவு, கழுத்தில் கேமரா. இலவசமாகக் கால் என்றார்கள். பஞ்சாலை பக்கத்து வீட்டு மங்கம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வேனில் ஏறினாள்.

மையத்தின் கூட்ட அறையில் இரண்டு பெண்களும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்கினார்கள். எதிரே மையத்தின் இயக்குநர் டத்தோ டாக்டர் தர்மேந்திரன் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார். டத்தோ என்பது அரச பட்டம், அங்கே அதுதான் அவர் பெயர். பஞ்சாலையின் காலை அளப்பார்கள் என்று அவள் எதிர்பார்த்தாள். டத்தோ ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா, உங்களுக்கு எந்த மிருகம் பிடிக்கும்?"

பஞ்சாலை மங்கம்மாவைப் பார்த்தாள். மங்கம்மா தோளைக் குலுக்கினாள்.

"ஆடுங்க."

"அருமை! ஏன் ஆடு?"

"பெரட்டலுக்கு நல்லா இருக்கும்."

பெவர்லி அதைக் கணினியில் தட்டிக்கொண்டாள். பயனாளி கால்நடைகள்மீது ஆழ்ந்த பற்றுடையவர் என்று அது பதிவாயிற்று.

"நான் கால் கேட்டுத்தாங்க வந்தேன்" என்றாள் பஞ்சாலை.

டத்தோ சிரித்தார். குழந்தை ஏதோ உளறிவிட்டதைக் கேட்ட சிரிப்பு. "நாங்க இங்க கால் செய்யறதில்லம்மா. கீழுறுப்பு நகர்வுத் தீர்வு செய்யறோம்."

"அத மாட்டிகிட்டு நடக்கலாங்களா?"

"நடப்பது இரண்டாம் கட்டம். முதல்ல தத்துவம் நிக்கணும்."

தத்துவம் நிற்பதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது சருகுமான். நம் காடுகளில் பூனையளவில் ஓடுமே, அதேதான். கால் பென்சில் மாதிரி இருக்கும், ஆனால் அதைப் பிடிக்க முடியாது. அந்தக் காலின் உள்கட்டைப் பிரிண்டரில் ராத்திரி பகலாக அச்சிட்டார்கள். ஒரு குழாய் நுனியிலிருந்து பிளாஸ்டிக் இழையாக இறங்கி அடுக்கின்மேல் அடுக்காக ஏறுவதை மங்கம்மா கண்ணாடி வழியே பார்த்தாள்.

"முறுக்குப் பிழியற மாதிரிதான்லா இருக்கு" என்றாள். "இவ்வளவு நேரமா ஒரு முறுக்கு?"

கால் வந்தது. பார்க்க அழகாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சருகுமானின் எடை இரண்டு கிலோ, பஞ்சாலையின் எடை எழுபது என்று சுகுமாறன் மெல்லச் சொல்லிப் பார்த்தான். டத்தோ கையமர்த்தினார். நின்று காட்டினால் போதும் என்றார். இரண்டு பேர் பின்னால் மறைந்து நின்று அவள் இடுப்பைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, பஞ்சாலை சருகுமான் காலில் நின்றாள். பெவர்லி படம் எடுத்தாள், தாங்கிப் பிடித்த கைகளைப் பிறகு கணினியில் நீக்கினாள். படம் எடுத்து முடிந்ததும் காலைக் கழற்றிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். ஆய்வுப் பொருள் மையத்தைவிட்டு வெளியே போகக் கூடாதாம். பஞ்சாலை ஊன்றுகோலோடு வீடு திரும்பினாள்.

மறுநாள் பத்திரிகையில் பாதிப் பக்கத்துக்குப் படம். 'சருகுமான் காலில் நிமிர்ந்தார் தோட்டத்துப் பெண்!'

ராசா நலச் சங்கத்திலிருந்து ஃபிளோரா என்கிற பொறுப்பாளர் போன் செய்தார். "அம்மா, பேப்பர்ல பாத்தோம். எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். உங்க எடத்த இன்னொருத்தருக்குக் குடுத்துட்டோம்."

"ஐயோ, எனக்குக் கால் வரலங்க. அது பொட்டிக்குள்ள இருக்கு."

"போட்டோவுல நிக்கிறீங்களேம்மா?"

"புடிச்சுகிட்டாங்க."

"யாரும் புடிக்கலியே" என்றார் ஃபிளோரா, பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு. "இனிமே வரிசையில கடைசியாத்தான் எழுதணும். அடுத்த வருசம் பாப்போம்மா."

அன்று மாலையே கிராணி எட்மண்டும் வந்தார். மேனேஜர் அந்தப் படத்தை ஆபீஸ் பலகையில் ஒட்டியிருக்கிறார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டதாம் அவருக்கு. "இனிமே கால் இல்லன்னு சாக்குச் சொல்ல முடியாதுன்னு சொல்லச் சொன்னாரு அக்கா" என்றார் எட்மண்ட். அவருக்கே சொல்லக் கூச்சமாக இருந்தது.

பஞ்சாலைக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. கால் போன அன்றுகூட அவள் இப்படி எரியவில்லை. முள்ளுக்குப் பத்திரிகையில் படம் வராது, சர்க்கரை பேட்டி கொடுக்காது. இருந்த ஒரு வழியையும் அடைத்துவிட்டு அதற்கு வாழ்த்தும் சொல்கிறவர்களை அவள் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். பஸ் பிடித்து, மேட்டில் ஊன்றுகோலோடு ஏறி, மையத்தின் கண்ணாடிக் கதவைத் தட்டினாள்.

டத்தோ பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "அம்மா, நீங்க உங்க ஒருத்தர் நடக்கணும்னு பாக்கறீங்க. அது சின்ன நோக்கம். நான் மனிதகுலம் நடக்கணும்னு பாக்கறேன். மனிதகுலத்துக்காக நீங்க கொஞ்ச காலம் உக்காந்திருக்கக் கூடாதா?"

"மனிதகுலத்துக்கு வீடு இருக்குங்களா டத்தோ? எனக்கு இருக்காது, தீவாளிக்கப்புறம்."

டத்தோவுக்கு இந்தப் பதில் பிடித்துப்போயிற்று. அடுத்த வாரம் சிங்கப்பூர் மாநாட்டில் அதைத் தாம் சொன்னதாகச் சொன்னார். போகட்டும். இரண்டாவது காலை அவள் தோட்டத்துக்கே கொண்டுவந்து, அவளுக்கே கொடுத்துவிடுவதாக வாக்களித்தார்.

இந்த முறை குளவிக்கூடு. உள்ளே அறை அறையாக வெற்றிடம் விட்டு அச்சிட்டால் எடை குறையும், பலம் கூடும். அதில் தப்பே இல்லை, உண்மையான விஞ்ஞானம் அது. ஆனால் அச்சிட்ட பிளாஸ்டிக் சோளமாவிலிருந்து செய்தது. இயற்கையிலிருந்து வந்தது என்று விளம்பரத்தில் போடலாம் என்பதால் டத்தோ அதைத்தான் விரும்பினார். நைலானில் செய்யலாம் என்று சுகுமாறன் சொன்னதைக் கூட்டக் குறிப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

சுங்கை கெலாட் தோட்டத்து மண்டபத்தில் பந்தல் போட்டார்கள். தொழிலாளர்களுக்கு அரைநாள் விடுமுறை. கால் டத்தோவின் காரில், பின்பெட்டிக்குள் பட்டுத்துணி சுற்றி இருந்தது. கார் வெட்டவெளியில் நின்றது. டத்தோ பேச ஆரம்பித்தார். தேனீ பேசினார், சிலந்தி பேசினார், சுறாவின் தோல் பேசினார். சூரியன் உச்சிக்கு வந்து, அங்கிருந்தும் இறங்கத் தொடங்கிய பிறகுதான் காலை எடுத்துவரச் சொன்னார்.

பட்டுத்துணியை விலக்கியபோதே சுகுமாறனின் முகம் மாறியது. பஞ்சாலை ஆசையோடு வாங்கி மாட்டிக்கொண்டு எழுந்தாள். கைதட்டினார்கள். நின்றாள். ஒரு மூச்சு விடுகிற நேரம் நிஜமாகவே நின்றாள், அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை மங்கம்மா பார்த்தாள். பிறகு கால் மெதுவாக, ஒரு மரியாதையோடு, முன்பக்கமாக மடங்கியது. பஞ்சாலை மங்கம்மாவின் மடியில் விழுந்தாள்.

"சோளமாவுப் பிளாஸ்டிக் சார்" என்றான் சுகுமாறன் கீழ்க்குரலில். "அறுபது டிகிரியில எளகிடும். காடி பின்பெட்டியில அதுக்கு மேலயே இருந்திருக்கும்."

"மையத்துல டெஸ்ட் பண்ணும்போது மடங்கலயே?"

"மையத்துல பதினெட்டு டிகிரி சார்."

டத்தோ சிறிது நேரம் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கப்படுகிறார் என்று தோட்டத்து மக்கள் நினைத்தார்கள். அவர் பார்த்துக்கொண்டிருந்தது பந்தல் காலடியில் முளைத்திருந்த தொட்டாற்சிணுங்கிச் செடியை. முகம் மலர்ந்தது. மைக்கை மறுபடி கையில் எடுத்தார்.

"நண்பர்களே! உலகத்திலுள்ள செயற்கைக் கால்கள் அனைத்தும் வெப்பத்தை எதிர்க்கின்றன. எதிர்ப்பது ஆணவம். தொட்டாற்சிணுங்கி எதிர்க்கிறதா? சுருங்கிக் கொள்கிறது, பிழைத்துக் கொள்கிறது. வெயிலுக்குப் பணிகிற உலகின் முதல் காலை இன்று உங்கள் கண்முன்னே கண்டீர்கள். நிற்க வைப்பது பழைய பொறியியல். எப்போது விழ வேண்டும் என்று தானே முடிவெடுப்பது புதிய பொறியியல்!"

அந்தக் காலுக்குக் கோலாலம்பூர் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் மையத்துக்குப் போனால் பார்க்கலாம், வரவேற்பறையில் தொங்குகிறது. பஞ்சாலைக்கு முழங்கையில் நான்கு தையல்.

தீபாவளி நெருங்கிவிட்டது. ஒரு காலையில் பஞ்சாலை மறுபடி பஸ் பிடித்தாள். இந்த முறை டத்தோவின் அறைக்குப் போகவில்லை. பிரிண்டர் அறைக்குள் சுகுமாறனின் மேசை முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, எனக்கு மானும் வேணாம் குளவியும் வேணாம். மனுசக் கால் ஒண்ணு செஞ்சு குடு."

"எனக்கு அந்த அதிகாரம் இல்ல அக்கா."

"அதிகாரம் யாருகிட்ட கேட்டேன்? கால்தான கேட்டேன். ஒனக்குச் செய்யத் தெரியுமா தெரியாதா, அத மட்டும் சொல்லு."

"தெரியும்."

"அப்ப ஏன்டா இத்தன நாளு கையக் கட்டிகிட்டு நின்ன?"

சுகுமாறனுக்குச் சுருக்கென்று பட்டது. அவன் கெட்டிக்காரன், இந்தப் படிப்புக்காக வெளிநாடு போய் வந்தவன். வந்த நாளிலிருந்து டத்தோவின் பேச்சுக்குப் படம் வரைந்து கொடுத்துக்கொண்டிருக்கிறான். அவள் டா போட்டது அவனுக்குக் கோபமாக வரவில்லை, வெட்கமாக இருந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு, அன்றைக்கே, யாரும் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தான். அவள் காலை அளந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மையம் காலியாக இருந்தபோது நைலானில் அச்சிட்டான். உள்ளே அலுமினியக் குழாய். முட்டிக்குக் கீழே மிச்சமிருந்த காலை நுழைக்கிற கிண்ணத்துக்கு மெத்தென்று உறை. அச்சிட்ட காலைத் தன் மோட்டார் சைக்கிள் சீட்டின்மேல் உச்சி வெயிலில் காய வைத்தான். பிறகு அதன்மேல் ஏறிக் குதித்தான். ஒன்றும் ஆகவில்லை. பஞ்சாலையை வரவழைத்து மாட்டிவிட்டு, கார்ப் பார்க்கில் நடக்கச் சொன்னான்.

கால் அழகாக இல்லை. சாம்பல் நிறம், தட்டைப் பாதம். ஆனால் அவள் கம்பி வேலிவரை நடந்தாள், திரும்பி நடந்து வந்தாள். ஊன்றுகோலை மங்கம்மா கையில் வைத்திருந்தாள், யாரும் அதைக் கேட்கவில்லை. பஞ்சாலை வாய்விட்டு அழுதாள். மங்கம்மாவும் அழுதாள். சுகுமாறன் மோட்டாரைத் துடைக்கிறவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சொல்லாமல் கொடுத்துவிட்டிருக்கலாம். படித்தவன் புத்தி, ஒப்புதல் வாங்க நினைத்தான். மதிப்பீட்டுக் குழு கூடியது. டத்தோ காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்த உயிரினத்தின் தூண்டுதல்?"

"மனுசன் சார்."

குழு உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் பட்டியலைப் புரட்டினார். "அங்கீகரிக்கப்பட்ட உயிரினங்களில் மனிதன் இல்லை."

"மனுசனும் இயற்கைதான சார்?"

"அப்படிப் பார்த்தால் எல்லாருமே இயற்கை என்று ஆகிவிடும். அப்புறம் எதற்கு மையம்?" என்றார் டத்தோ. கேள்வி அவர் நினைத்ததைவிடப் பெரியது, அதை அவர் கவனிக்கவில்லை.

நல்ல மனசுள்ள ஒரு மூத்த உறுப்பினர் உதவிக்கு வந்தார். "விண்ணப்பத்தை நத்தைக்கு மாற்றிக்கொள்ளலாமே. நத்தை பட்டியலில் இருக்கிறது."

"நத்தைக்குக் கால் இல்ல சார்."

"அதனால்தான் சொல்கிறேன். யாரும் தொடாத துறை."

சுகுமாறன் மாட்டேன் என்றான். மையத்தில் அந்தச் சொல்லை யாரும் கேட்டதில்லை. குறிப்பெழுதுபவர் எப்படிப் பதிவது என்று தெரியாமல் விழித்தார். குழு முடிவு சொன்னது: இயற்கையில் கழிவு என்பது கிடையாது, ஆகவே இந்தக் காலைத் தூளாக அரைத்து மறுபடி பிளாஸ்டிக் ஆக்க வேண்டும். அரைக்கிற இயந்திரம் பழுது, திங்கட்கிழமைதான் சரியாகும். அதுவரை பாதுகாப்பான இடத்தில் வைக்கும்படி சுகுமாறனுக்கு உத்தரவு.

அந்தத் திங்கட்கிழமை பெரட்டுத் திங்கட்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமை மையத்தில் பெரிய விழா. தலைநகரிலிருந்து சிறப்பு விருந்தினர் வருகிறார். அவர் முன்னால் பஞ்சாலை மூன்றாவது காலில் நிற்க வேண்டும். இந்தமுறை யானை.

"இருந்த கால் போனது பத்தாதா, யானக்கால் வேறயா ஒனக்கு?" என்றாள் மங்கம்மா. "திங்கக்கெழமைக்குள்ள ஏதாச்சும் ஒரு கால் வேணும்லா" என்றாள் பஞ்சாலை.

மறுபடி மடங்கி மானம் போகக் கூடாதென்று, யானைக் காலை மேடைத் தரையோடு சேர்த்து ஆணி முடுக்கிவிட்டார்கள். பஞ்சாலையைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்து, அதற்குள் காலை நுழைக்க வைத்து, நிமிரச் செய்து, விருந்தினர் பொன்னாடை போர்த்தி, மறுபடி உட்கார வைப்பது என்று ஏற்பாடு. நடப்பது மூன்றாம் கட்டத்துக்குத் தள்ளிப்போயிருந்தது.

விழாவன்று காலை, மேடைக்குப் பின்னால் சுகுமாறன் ஒரு பையோடு வந்து அவள் முன்னால் மண்டியிட்டான்.

"பத்திரமான எடத்துல வைக்கச் சொன்னாங்க அக்கா" என்றான். "இத விடப் பத்திரமான எடம் எனக்குத் தெரியல." சாம்பல் நிறக் காலை அவளுக்கு மாட்டிவிட்டான். சேலை அதை மறைத்துக்கொண்டது.

டத்தோ அன்று நன்றாகப் பேசினார். "இந்த எளிய பெண்மணியை நாங்கள் கைவிட்டிருக்கலாம். மூன்று முறை வாய்ப்பு இருந்தும் நாங்கள் கைவிடவில்லை. இவர் இல்லாவிட்டால் எங்களுக்குத் தங்கப் பதக்கம் இல்லை. இன்று இவர் நிற்பார்! நாங்கள் உட்காரச் சொல்லும்வரை நிற்பார்!"

கைதட்டல் எழுந்தது. பஞ்சாலையும் எழுந்தாள். மேடையில் தனியே ஆணியடித்து நின்ற யானைக் காலைச் சுற்றிக்கொண்டு போனாள். சாம்பல் நிறக் கால் தெரியச் சேலையைத் தூக்கிப் பிடித்து மேடைப் படிகளில் இறங்கினாள். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நேராக வாசலைப் பார்த்து நடந்தாள். சபை எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. நிகழ்ச்சியில் இதுவும் உண்டென்று நினைத்தார்கள். டத்தோவும் முதலில் கைதட்டிவிட்டார்.

பெவர்லி பின்னால் ஓடி வந்தாள். "ஆன்ட்டி! ஆன்ட்டி! ஸ்கிரிப்ட்ல நடக்கறது இல்ல ஆன்ட்டி!"

"நான் ஸ்கிரிப்ட் படிக்கலம்மா."

மேடையில் சிறப்பு விருந்தினர் விரித்த பொன்னாடையோடு நின்றார். நிகழ்ச்சி நிரலில் அடுத்தது போர்த்துவது. போர்த்த ஆள் இல்லை. அவர் பல மேடை கண்டவர், கலங்கவில்லை. யானைக் காலுக்குப் போர்த்திவிட்டுப் படத்துக்குச் சிரித்தார்.

திங்கட்கிழமை விடியற்காலை சுங்கை கெலாட் ஆபீஸ் முன்னால் பெரட்டு நடந்துகொண்டிருந்தது. நேப்பாளிகள், வங்காளதேசத்தவர், இந்தோனேசியர், மிச்சமிருந்த தமிழர் சிலர். வரிசையின் கடைசியில் பஞ்சாலை, கையில் சோற்றுத் தூக்கு. எட்மண்ட் பெயர்களைக் கூப்பிட்டு வந்தார்.

"பஞ்சாலை!"

"நிக்கிறேன் கிராணி."

எட்மண்ட் அவள் பெயருக்கு நேரே கோடு போடும்போது ஒரு கார் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வந்து நின்றது. டத்தோ இறங்கினார், பின்னால் பெவர்லி, சுகுமாறன். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் எல்லாம் அந்தச் சாம்பல் நிறக் கால் வந்துவிட்டது. இது எந்த மிருகத்தினுடையது என்று மேலிடத்திலிருந்து போன்மேல் போன்.

"அம்மா, அந்தக் கால் மையத்தின் சொத்து. அங்கீகாரம் இல்லாதது. இன்னிக்கு அரைச்சாகணும். கழட்டிக் குடுங்க."

வரிசை திரும்பிப் பார்த்தது. எட்மண்ட் பேனாவை மூடினார். "டத்தோ, பேரு குடுத்த ஆள வரிசையிலேர்ந்து வெளிய எடுக்க எனக்கே ரூல் இல்ல" என்றார்.

"சுகுமாறன், நீ கழட்டு."

"எனக்கு மாட்டத்தான் தெரியும் சார்" என்றான் சுகுமாறன். சொன்ன பிறகு அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. வேலை போயிற்று என்று நினைத்தான், நினைத்த அளவு பயம் வரவில்லை.

பஞ்சாலை தூக்கைக் கீழே வைத்தாள். "யாரும் சூசா படவேணாம். அவங்க பொருள அவங்க எடுத்துகிட்டுப் போவட்டும். ஆனா இது பெரட்டு. இங்க நிக்கறதுதான் என் வேல, நான் குனிய மாட்டேன்." சேலையைக் கணுக்கால் தெரிய ஒரு சாண் உயர்த்தி, சாம்பல் நிறக் காலைச் சேற்றில் ஒரு எட்டு முன்னால் வைத்தாள். "டத்தோவே குனிஞ்சு கழட்டிக்கட்டும்."

டத்தோ அந்தப் பாதத்தைப் பார்த்தார். கழற்றுவதென்றால் இரண்டு முட்டியையும் சேற்றில் ஊன்றி, இரண்டு கையாலும் அவள் காலைப் பிடிக்க வேண்டும். தமிழர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நேப்பாளி ஒருவன் போனை உயர்த்திப் பிடித்தான். இன்னும் நாலு பேர் உயர்த்தினார்கள்.

"பெவர்லி, நீ..."

"நான் போட்டோ எடுக்கணும் டத்தோ" என்றாள் பெவர்லி.

டத்தோ கோட்டுப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, மைக் இல்லாமலே மேடைக் குரலில் சொன்னார்: "இந்தக் கணம் முதல் இதை நீண்டகாலக் களச்சோதனையாக அறிவிக்கிறேன்."

"என்னவாச்சும் அறிவிச்சுக்குங்க" என்றாள் பஞ்சாலை. "கொஞ்சம் எட்டப் போய் அறிவிங்க. வரிசைய மறைக்கிறீங்க."

டத்தோ எட்டப் போனார். எட்மண்ட் பேனாவைத் திறந்து அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

பெரட்டு கலைந்தது. நாற்று மேடைக்கு ஆட்களை ஏற்றிப் போகிற டிராக்டர் வந்து அவள் பக்கத்தில் நின்றது. "ஏறுக்கா, தூரம்லா" என்றார் ஆட்களை மேய்க்கிற மண்டோர்.

பஞ்சாலை தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நீ போ மண்டோரே, நான் நடந்து வரேன்."